ஏழு அடி தள்ளி வரும் மீன்: சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினக் காட்சி

சங்க இலக்கியத்தில் உணவு என்ற தலைப்பில் கட்டுரை எழுதுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன வேலை. நெய்தலுக்கு மீன், முல்லைக்குப் பாலும் வரகும், குறிஞ்சிக்குத் தேனும் தினையும், மருதத்துக்கு நெற்சோறு என்று நிலவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேற்கோள் போட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆண்டு மலர்களில் இப்படி ஒன்றாவது இல்லாமல் இருப்பதில்லை. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பட்டியல் போட்டவுடன் ஒன்று காணாமல் போய்விடுகிறது. அது நெருப்பு. அந்த மீனை யார் சுட்டார்கள், எந்த விறகில் சுட்டார்கள், எவ்வளவு நேரம் கழித்து அது விருந்தாளியின் கைக்கு வந்தது என்பதெல்லாம் பட்டியலில் நிற்காது. பாட்டில் மட்டும்தான் நிற்கும்.

பத்துப்பாட்டில் எரியும் நெருப்புகளுள் ஒன்றே ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துக் கடற்கரையில் எரிகிறது. அதில் சுடப்படுவது மீன். அந்த நெருப்பையும் மீனையும் சேர்த்துப் படிக்காவிட்டால் 269 அடிப் பாட்டின் போக்கே புரியாமல் போய்விடும் என்பது என் கட்சி.

பாட்டின் அமைப்பு நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம், அப்புறம் வேலூர், அப்புறம் ஆமூர், கடைசியில் அரசனின் கிடங்கில். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். இந்த வேலூர் கோட்டை இருக்கிற வேலூர் அல்ல. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்துச் சிலர் குழம்புவது உண்டு. எயிற்பட்டினம் என்ற பெயரைப் புலவர் நேராகச் சொல்லவில்லை. மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார். எயில் என்றால் மதில், ஆகவே எயிற்பட்டினம். மரக்காணம்தான் அது என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கப் பயண நூல் குறிப்பிடும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பாரும் உண்டு.

பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றைக்கும் அதே பெயரோடு இருக்கிறது. இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் உப்பங்கழியுமாக நீளமாகக் கிடக்கிற நிலத்துண்டு அது. அங்கிருந்து தெற்கே போனால் மரக்காணம். ஆக, புலவர் எழுதியது எங்கோ கேள்விப்பட்ட கடற்கரை அல்ல, பக்கத்து ஊர்க் கடற்கரை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

காட்சி இது. தாழை அன்னம் போலவும் செருந்தி பொன் போலவும் முள்ளி நீலமணி போலவும் புன்னை முத்துப் போலவும் பூத்த கானல். பொங்கி வரும் அலை மணமுள்ள மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கரையில் தள்ளியிருக்கிறது. அந்தக் கட்டைகள் ஒட்டகம் தூங்குவது போலக் கிடக்கின்றன. ஒரு நுளைமகள் அவற்றை விறகாக்கி நெருப்பு மூட்டுகிறாள். புகை கறுப்பு, தீ சிவப்பு. அவளே வடித்த பழைய தேறலைப் பரதவர்கள் வருகிறவர்களுக்குக் கொடுத்துக் குடிக்கவைக்கிறார்கள். அரசனைப் பாடுகிறார்கள். குழலின் தாளத்துக்கு ஆடுகிறார்கள். ஆடியவர்களோடு சேர்த்து உனக்கும், உலர்ந்த குழல் மீனைச் சுட்ட சூடு இடந்தோறும் கிடைக்கும் என்று முடிக்கிறான் வழி சொல்லும் பாணன்.

ஒட்டக உவமையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அது விசித்திரமாகத்தான் இருந்தது. கடற்கரையில் ஒட்டகத்துக்கு என்ன வேலை? வடக்கே பிழைக்க வந்து, சாலையோரம் காலை மடக்கி, கழுத்தை மண்ணில் நீட்டிப் படுத்திருக்கும் ஒட்டகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. படுத்த ஒட்டகம் விலங்கு மாதிரியே இருக்காது. வெயிலில் வெளுத்துக் கோணிக் கிடக்கிற கட்டை மாதிரிதான் இருக்கும். கழுத்துக்கு ஒரு கட்டை, திமிலுக்கு ஒரு கட்டை. இந்த ஓர் உவமையில் மட்டும் சென்னைக்காரரைவிட ஜோத்பூர்த் தமிழருக்கு வசதி அதிகம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். நெருப்பு மூட்டுகிற அடி ஒன்று. சுட்ட மீன் வருவது அதிலிருந்து ஏழாவது அடி. நடுவில் நுளைமகளின் தோள், முகம், பார்வை, அவள் வடித்த தேறல், அதை ஊட்டும் பரதவர், கிடங்கில் அரசனின் புகழ், பாட்டு, ஆட்டம் என்று எத்தனையோ வந்துவிடுகின்றன. வாக்கிய இலக்கணப்படி பார்த்தால், தீ மூட்டி என்னும் வினையெச்சம் போய்ச் சேர்கிற இடம் தேறலை வடித்தாள் என்பதுதான். மீனில் அல்ல. அப்படியானால் தீ எதற்கு? கள் காய்ச்சவா, மீன் சுடவா?

பத்துப்பாட்டுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியருக்கு இந்த மாதிரி இடங்கள் ஒரு சவால். தூரத்தில் கிடக்கும் சொற்களை எடுத்துவந்து ஒட்டிப் பொருள் சொல்வது, அதாவது மாட்டு, அவர் கைக்கு வந்த வித்தை. முல்லைப்பாட்டில் அவர் இப்படி அடிகளைப் பிரித்துக் கூட்டியதை மறைமலையடிகள் 1903இல் தம் ஆராய்ச்சியுரையில் கடுமையாகவே கண்டித்தார். புலவன் வைத்த வரிசையில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது, அதைக் கலைக்காதே என்பது அடிகளின் வாதம். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அந்த வழக்கு முடிந்தபாடில்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை உரையோடு அச்சிட்டபோது நமக்குக் கிடைத்தது பாட்டு மட்டுமல்ல, இந்தச் சண்டையும்தான்.

எயிற்பட்டினத்து நெருப்பில் மாட்டுக்கு வேலையே இல்லை என்று நினைக்கிறேன். முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். 'அடுப்பைப் பத்த வெச்சுட்டுக் காய் நறுக்கினா' என்று வீட்டில் சொல்கிறோம். அடுப்பு காய் நறுக்குவதற்காகவா? ஒருத்தி அடுத்தடுத்துச் செய்த இரண்டு வேலை, அவ்வளவுதான். நெருப்புப் பிடித்துக்கொள்ள நேரம் எடுக்கும், அதற்குள் கைவேலையைப் பார்ப்போம் என்பது சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள கணக்கு. நுளைமகளும் அதையே செய்கிறாள். தீயை மூட்டிவிட்டுத் தேறலை வடிக்கப் போகிறாள். தேறலோ பழையது, நாள்பட முதிர்ந்தது. முதிர்ந்து தெளிந்ததை இனிக் காய்ச்ச வேண்டியதில்லை, வடித்தால் போதும். எனவே இப்போது மூட்டின தீ அதற்கு இல்லை.

இரண்டாவது, நெருப்பின் இயல்பு. கடற்கரையில் ஒதுங்கின கட்டையை எரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எவ்வளவு காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். முதலில் அடர்ந்த கரும்புகை வரும். பிசின் உள்ள மரமானால் இன்னும் மோசம். அந்தப் புகையில் மீனைக் காட்டினால் கசந்துபோகும். சுவாலையில் காட்டினால் வெளியே கரிஞ்சு உள்ளே வேகாமல் நிற்கும். கருவாடானால் நொடியில் கரியாகிவிடும், அதில் ஈரமே இல்லையே. மீன் சுடத் தீ வேண்டாம், தணல்தான் வேண்டும். புகை அடங்கி, சுவாலை தாழ்ந்து, கட்டை உடைந்து கங்காகி, மேலே சாம்பல் பூக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நேரம் ஆகும். அந்த நேரத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? குடிப்பார்கள், பாடுவார்கள், ஆடுவார்கள்.

பாட்டில் அந்த வரிசைதான் இருக்கிறது. கரும்புகையும் செந்தீயும் நெருப்பின் முதல் கட்டம். பிறகு தேறல், பாட்டு, ஆட்டம். பிறகு சூடு. நடுவில் ஓடுகிற அடிகள் வர்ணனைக்காகப் புலவர் செருகிய இடைவெளி அல்ல. தீ தணலாகும் நேரத்தை அவை எடுத்துக்கொள்கின்றன. ஏழு அடியைக் கலைத்து மீனை விறகோடு கொண்டுபோய் ஒட்டினால், பொருள் நேராகும். மீன் கருகிப் போகும். உரைக்குச் சௌகரியமானது சமையலுக்கு ஒத்துவராது. மறைமலையடிகள் சைவ உணவுக்காரர், அவர் கட்சிக்கு நான் கொண்டுவரும் சாட்சி கருவாடு என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் சாட்சி சாட்சிதான்.

வாய்மொழிப் பாடலின் வாய்பாடுகளைக் கொண்டு சங்கப் பாட்டை ஆராய்ந்தவர் கைலாசபதி. 1968இல் வந்த அவருடைய நூல் வழியில் வருகிறவர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். ஒவ்வோர் ஊரிலும் பெறுவீர்கள் என்று முடிவது ஆற்றுப்படையின் வாய்பாடு. கிடைக்கும் பண்டத்தை மட்டும் மாற்றிப் போடுவது பாணர் மரபு. அதில் போய்த் தணலையும் நேரத்தையும் தேடலாமா என்று கேட்கலாம். வாய்பாடு உண்டுதான். ஆனால் வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூடும் கிடைக்கும் என்னும்போது நெருப்பு மூட்டுகிற காட்சி இல்லை. ஆமூரில் உழவர் வீட்டுச் சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்னும்போது நெல்லைக் குத்திய உலக்கையின் இரும்பு முகம் தேய்ந்தது வரைக்கும் சொல்கிற புலவர், அடுப்பைச் சொல்வதில்லை. மூன்று ஊரில் ஓர் ஊரில்தான் விறகு எங்கிருந்து வந்தது, யார் மூட்டினாள், புகை என்ன நிறம், தீ என்ன நிறம் என்று இருக்கிறது. வாய்பாட்டுக்குள் புலவர் எங்கே கை வைத்தார் என்பது இப்படிப்பட்ட வித்தியாசத்தில்தானே தெரியும்?

சூடு என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைக்குச் சூடு என்றால் வெப்பம். பழைய பாட்டில் சூடு என்றால் சுடப்பட்ட பண்டம். நெருப்பின் பெயரே சாப்பாட்டின் பெயர். இதற்கு எதிர்ச்சொல் மாதிரி நிற்பது புழுக்கு, நீரில் வேகவைத்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் இறாலைச் சூடாகவும் வயல் ஆமையைப் புழுக்காகவும் தின்கிறார்கள். கடலில் பிடித்ததற்கு நெருப்பு, வயலில் பிடித்ததற்கு நீர். அதே உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கள்ளோடு மீன் சூடு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தருவது இரும்புக் கோலில் சுட்ட ஊன்; அந்தச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஒதுக்கித் தின்கிறான் பொருநன். சுட்டதைத் தின்றவர் எழுதியது அது என்று பார்த்தவுடன் தெரியும்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1965இல் சமையல் முக்கோணம் என்று ஒரு கட்டுரை எழுதினார். சுடுவதில் நெருப்புக்கும் உணவுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. வேகவைப்பதில் பானையும் நீரும் நடுவில் வருகின்றன. ஆகவே சுட்டது இயற்கைப் பக்கம், வெந்தது பண்பாட்டுப் பக்கம் என்பது அவர் கணக்கு. அதோடு இன்னொன்றும் சொன்னார்: வேகவைத்தது வீட்டாருக்கு, சுட்டது விருந்தாளிக்கு. முதல் பாதியை வைத்துக்கொண்டு, நெய்தல் மக்களின் சுட்ட மீன் நாகரிகத்துக்கு முந்திய உணவு என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இரண்டாம் பாதியை அவர்கள் படிப்பதில்லை.

நம் பாட்டுகளில் வேலை செய்வது அந்த இரண்டாம் பாதிதான். அகநானூறு 60ஆம் பாட்டில், குடவாயிற் கீரத்தனார் பாடியது, கடலிலிருந்து திரும்பும் தகப்பனுக்குச் சிறுமகள் சோறு போடுகிறாள். உப்பு விற்று வாங்கிய நெல்லில் சமைத்த வெண்சோறு, அயிலை மீன் போட்ட புளிக்குழம்பு, கூடவே கொழுத்த மீன் துண்டம். குழம்பு வீட்டாருக்கு. எயிற்பட்டினத்துக் கரையில் வழியோடு போகும் பாணனுக்குக் கிடைப்பதோ சுட்டது. அங்கே யாரும் வீட்டுக்குள் வா என்று கூப்பிடவில்லை. வீடே வரவில்லை. நெருப்பு எரிகிற இடத்துக்குப் போனால் கிடைக்கும், அங்கங்கே கிடைக்கும். வீட்டுக்குள் கூப்பிடப்படுவது ஆமூரில்தான். அங்கே உழவர் தங்கை தன் பிள்ளைகளை விட்டு விருந்தாளிகளை மேலே போகவிடாமல் தடுக்கவைக்கிறாள். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது போக முடியுமா? அப்படி உறவாக்கிக்கொண்ட பிறகுதான் சோறும் நண்டும். வேலூரில் சுட்டதும் வெந்ததும் சேர்ந்து வருவதால் கணக்கு அங்கே கொஞ்சம் இடிக்கும். பிரெஞ்சுக்காரருக்காக அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்நியனுக்கு முதலில் கிடைப்பது சூடு, உறவான பிறகு கிடைப்பது சோறு என்கிற படிநிலை பாட்டில் இருக்கத்தான் செய்கிறது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. கிழக்கு இந்தியாவில் வாழும் நம்மவர்கள் சூட்டுக்கும் புழுக்குக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றைப் பார்த்திருப்பார்கள். ஒடிசாவில் மீனுக்கு மசாலா தடவி, இலையில் பொதிந்து, தணலில் வைத்துச் சுடுவார்கள். பத்ர போடா என்று பெயர். அசாமில் சுட்ட மீனைக் கடுகெண்ணெயும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். இலைக்குள் வேகிற மீன் சுட்டதா வெந்ததா? நெருப்பு வெளியே, ஆவி உள்ளே. லெவி-ஸ்ட்ராஸிடம் கேட்டால் முக்கோணத்தில் இன்னொரு புள்ளி வைத்திருப்பார். நுளைமகள் இலையைத் தேடவில்லை. காய்ந்த மீனுக்கு இலை எதற்கு? தணலில் போட்டு, புரட்டி எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டால் ஆயிற்று.

மீன் உலர்ந்தது என்பதைப் பலரும் போகிறபோக்கில் கடந்துவிடுகிறார்கள். சுட்ட மீன் என்றே எழுதுகிறார்கள். பாட்டில் இருப்பது சுட்ட கருவாடு. வித்தியாசம் பெரியது. பாணன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வலையில் பட்டதை நம்பினால் விருந்தாளிக்குச் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. இடந்தோறும் கிடைக்கும் என்று வழி சொல்கிறவன் உறுதி கூற வேண்டுமானால் அது உலர்த்தி வைத்த மீனாகத்தான் இருக்க முடியும். நல்லூர்ப் புலவருக்கு அந்தக் கரையின் வழக்கம் தெரிந்திருக்கிறது. இன்னொரு நயமும் உண்டு. முந்தின அடியில் வரும் குழல் ஊதும் குழல். அடுத்த அடியில் வரும் குழல் மீன். இசை முடிந்த இடத்தில் அதே பெயரில் சாப்பாடு வருகிறது.

இந்தக் கருவாடு பாட்டில் எங்கே வருகிறது என்று பின்னோக்கிப் பார்த்தால் இன்னும் ஒன்று புலப்படும். எயிற்பட்டினத்துக்குச் சற்று முன்னால்தான், நம் பாடநூல்களில் புகழ்பெற்ற அந்த வறுமைக் காட்சி. வழி சொல்லும் பாணன் தன் பழைய வீட்டைச் சொல்கிறான். சமையலறையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, பொறுக்க மாட்டாமல் தாய் குரைக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான். கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு இல்லாமல் வேகவைக்கிறாள். அதையும் யாராவது பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறார்கள். உணவுக்கட்டுரைகளும் வறுமைக்கட்டுரைகளும் இத்தோடு நின்றுவிடும். ஆனால் பாட்டு நிற்கவில்லை, இங்கிருந்துதான் கடற்கரைக்கு இறங்குகிறது. சாத்தின கதவுக்கு அப்புறம் திறந்த மணல். நாய் படுத்த அடுப்பங்கரைக்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எரிகிற நெருப்பு. உப்பில்லாக் கீரைக்கு அப்புறம் உலர்ந்த மீன். மீனில் உப்பு உண்டு என்று பாட்டு சொல்லவில்லைதான். மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

விறகைப் பற்றியும் பேசியாக வேண்டும். மணமுள்ள மரம் என்று பாட்டு சொல்வதை அகில் என்று கொள்வது வழக்கம். நாட்டின் வளத்தைக் காட்ட உயர்வாகச் சொன்னது என்று விளக்கம் தருவார்கள். அகில் அந்தக் காலத்தில் பெண்கள் கூந்தலுக்குப் புகையூட்டிய மரம். பட்டினப்பாலையில் துறைமுகத்துக்கு வந்து குவியும் பண்டங்களில் சந்தனமும் அகிலும் சேர்த்து எண்ணப்படுகின்றன. அங்கே அது சரக்கு. எயிற்பட்டினத்தில் அதே மரம் கருவாட்டுக்கு அடியில் எரிகிறது. வளம் என்று மட்டும் சொல்லி நகர்வது போதாது. கடல் இலவசமாகக் கொண்டுவந்ததை அவள் இலவசமாக எரிக்கிறாள், அவ்வளவே. சந்தைக்காரன் கண்ணுக்கு அது நஷ்டம். அசாமில் ஹோஜாய்ப் பக்கம் அகர் வியாபாரம் பார்த்தவர்கள் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். பிசின் நிறைந்த உயர்ந்த அகில் நீரில் மூழ்கும்; சீன மொழியில் அதன் பெயரே மூழ்கும் வாசனை என்பதுதான். அலையில் மிதந்து வருவது பிசின் குறைந்த வெறுங்கட்டை. ஆக, நுளைமகள் எரித்தது விலை போகாத அகிலாகவே இருந்திருக்கும். உயர்வு நவிற்சி என்று உரை சொல்கிற இடத்தில் புலவர் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கக்கூடும் என்பதற்காக இதைக் குறிக்கிறேன்.

மணமும் நாற்றமும் ஒரே புகையில் கலப்பதுதான் இந்தக் காட்சியின் துணிச்சல். நற்றிணை 45இல் தோழி, நெடுந்தேரில் வரும் செல்வன் மகனை ஒதுங்கி நிற்கச் சொல்கிறாள். எங்கள் பெண் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவள், எங்களிடம் மீன் நாறும், தள்ளி நில்லும் ஐயா என்கிறாள். மீன் நாற்றத்தை எதிராளி இழிவாக நினைப்பான் என்று தெரிந்து, அவன் சொல்லும் முன்னே தானே எடுத்து வீசுகிற ரோஷம் அது. சிறுபாணாற்றுப்படையில் அந்த ரோஷத்துக்குத் தேவையே வரவில்லை. வருகிறவன் தேரில் வரவில்லை, பசியோடு நடந்து வருகிறான்.

இதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வடநகரத்துத் தமிழமைப்பின் விழாவில் சிறுபாணாற்றுப்படையை நாட்டிய நாடகமாக்கியிருந்தார்கள். உழைப்பு குறைவில்லை, பாட்டும் நன்றாக இருந்தது. எயிற்பட்டினம் வந்தது. தாழை வந்தது, அன்னம் வந்தது, குழல் தாளத்துக்கு எட்டுப் பெண்கள் ஆடினார்கள். நெருப்பும் இல்லை, மீனும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நேராக வேலூர். விழா முடிவில் சங்ககால விருந்து என்று போட்ட இலையில் தினைப் பாயசமும் தேனும் பலாச்சுளையும் இருந்தன. கேட்டபோது, 'குடும்பத்தோட வர்றாங்க, மீன் வாசனையெல்லாம் மேடையில காட்ட முடியுமா சார்' என்றார் ஒரு பொறுப்பாளர்.

கள்ளைக் காட்டத் தயங்கியது எனக்குப் புரிகிறது. 2023 மே மாதம் அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்த செய்தியைப் படித்தவர்கள், தேறல் நிறைந்த கிண்ணத்தை மேடையில் தூக்கிக் காட்டி ஆடச் சொல்ல மாட்டார்கள். மீன் என்ன பாவம் செய்தது? மீனை எடுத்துவிட்டால் ஆடுகிறவர்கள் எதற்காகக் காத்திருந்து ஆடுகிறார்கள் என்பதே தெரியாது. நெருப்பு இல்லாததால் காத்திருப்பும் இல்லை. வெறும் ஆட்டம்தான் மிச்சம். பாணன் பசியோடு வந்தவன், கலை நிகழ்ச்சி பார்க்க வந்தவன் அல்ல. சாத்திய கதவுக்குள் உப்பில்லாக் கீரை தின்ற குடும்பத்தை மேடையில் உருக்கமாகக் காட்டிவிட்டு, அவர்களுக்கு முதலில் கிடைத்த சாப்பாட்டை நாற்றம் என்று ஒளித்துவைத்தால், நாமும் அந்தக் கதவைத்தான் சாத்துகிறோம்.

கடைசியாக அரண்மனை. நாடகத்தில் அது விரிவாகவே இருந்தது, இருக்க வேண்டியதும்தான். நல்லியக்கோடன் பொற்கலத்தில் தானே நின்று ஊட்டுகிறான். உணவு வகைகள் பீமசேனன் எழுதிய சமையல் நூலில் இம்மி பிசகாதவை. நூல் பார்த்துச் சமைத்தது என்பதில் புலவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஆனால் என்ன பதார்த்தம் என்று ஒன்றின் பெயரும் சொல்லவில்லை. பலவகை உணவு, அவ்வளவுதான். சமைத்தவர் யார், விறகு என்ன, ஒன்றும் கிடையாது. எரி என்ற சொல் அங்கேயும் வருகிறது. அது பீமனின் தம்பி அருச்சுனன் காண்டவ வனத்துக்கு வைத்த எரி. மீன் என்ற சொல்லும் வருகிறது. பொற்கலத்தைச் சுற்றி வைத்த சிறு கலங்கள் சூரியனைச் சூழ்ந்த மீன்கள் போல் இருந்தன என்கிற உவமையில். அவை வானத்து மீன்கள்.